கிராகோவ்ல ஒரு உக்ரைன் மளிகைக் கடை: தேனுக்குப் போங்க, ஃப்ரோசன் கொழுக்கட்டைக்குப் போகாதீங்க

போலந்துல இருக்கற கிராகோவ் ஊர் குரூப்ல புதுசா சேர்ற நம்ம பசங்க முதல்ல கேக்குறது இட்லி அரிசி எங்க கிடைக்கும், அடுத்தது கறிவேப்பிலை எங்க கிடைக்கும், அதுக்கெல்லாம் பதில் சொல்ல ஊர்ப்பட்ட ஆளு இருக்காங்க. நான் எழுதப்போறது வேற கடை. நோவா ஹூட்டா போற டிராம் ரூட்ல, ஸ்டாப்ல இறங்கி ரெண்டு நிமிஷம் நடந்தா, ஒரு உக்ரைன்காரம்மா நடத்துற மளிகைக் கடை. 2022 கடைசியில தொறந்தாங்க, அப்போலேர்ந்து மாசத்துக்கு ரெண்டு தடவையாவது போயிடுவேன். பேரு போடல. ரெண்டு மூணு குறை சொல்லப்போறேன், சின்னக் கடை, எதுக்கு வம்பு.

கடைன்னா பெருசா நினைச்சுக்காதீங்க, ரெண்டு ஷேர் ஆட்டோவ பக்கத்துல பக்கத்துல நிறுத்துனா எவ்ளோ இடமோ அவ்ளோதான். உள்ள போனதும் புகை போட்ட மீன் வாசனையும் டில் கீரை வாசனையும் சேர்ந்து அடிக்கும், முதல் நாள் என் வீட்டுக்காரம்மா வாசல்லயே நின்னுட்டாங்க, இப்போ என்னை விட அவங்கதான் அதிகமா போறாங்க. இடது பக்கம் முழுக்க மிட்டாய். அட்டைப்பெட்டியில கொட்டி வெச்சிருப்பாங்க, நம்ம ஊர்ல பெட்டிக்கடை பாட்டில்ல இருக்கற மாதிரி, நாமளே அள்ளி கவர்ல போட்டு எடை போட்டு வாங்கணும். முக்காவாசி ரோஷென் கம்பெனி ஐட்டம். அந்தக் கம்பெனிய ஆரம்பிச்சது உக்ரைன் முன்னாள் அதிபர் பொரோஷென்கோ, அதனாலதான் அவருக்கு சாக்லேட் ராஜான்னே பேரு. கடைக்காரம்மா வின்னிட்சியா ஊரு, அங்க ரோஷென் ஃபேக்டரி இருக்கு, ஆத்துக்குள்ள அந்தக் கம்பெனி கட்டுன மியூசிக் ஃபவுண்டன் வேற இருக்கு, அதைப் பத்தி பேச ஆரம்பிச்சாங்கன்னா பின்னாடி க்யூவே நின்னாலும் நிறுத்த மாட்டாங்க.

அவங்கள நான் பானின்னுதான் கூப்பிடுவேன், போலந்துல பொம்பளைங்கள மரியாதையா கூப்பிடுறது அப்படித்தான். அவங்க போலிஷும் உடைஞ்சது, என் போலிஷும் உடைஞ்சது, அதனால ரெண்டு பேருக்கும் நல்லா புரியும்.

சரி, தேன். இந்தக் கடைக்கு போறதே தேனுக்குத்தான். மேல் தட்டுல மூணு வகை இருக்கும், சூரியகாந்தித் தேன், லிண்டன் மரத்துப் பூ தேன், அப்புறம் ஹ்ரேச்கா தேன், அதாவது பக்வீட். பேருல வீட்னு இருந்தாலும் அதுக்கும் கோதுமைக்கும் சம்பந்தம் கிடையாது, அது வேற செடி. ஹ்ரேச்கா தேன பாத்தா கருப்பட்டிப் பாகு மாதிரி கருகருன்னு இருக்கும், வாசனை முதல்ல கொஞ்சம் மாட்டுத்தொழுவம் மாதிரி அடிக்கும், பயந்துடாதீங்க, நாக்குல வெச்சதும் அது மாறிடும். தோசைக்கு தொட்டு சாப்பிட இதை விட ஒண்ணு நான் ஐரோப்பாவுல பாக்கல. சூரியகாந்தித் தேன் வாங்குனா ரெண்டே வாரத்துல நெய் மாதிரி உறைஞ்சு போயிடும், கரண்டி விட்டா கரண்டி வளையும். எங்கம்மா வீடியோ கால்ல பாத்துட்டு "சக்கரப்பாகுடா அது, ஏமாத்திட்டாங்க"ன்னு சொன்னாங்க. அம்மா மட்டும் இல்ல, உறைஞ்சா கலப்படம்னு நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தான் நம்புறாங்க. சூரியகாந்தித் தேன்ல குளுக்கோஸ் ஜாஸ்தி, அதனால சீக்கிரமே உறையும், அது அதோட குணம். வெதுவெதுப்பான தண்ணியில பாட்டில அரை மணி நேரம் வெச்சா இளகிடும். கொதிக்கிற தண்ணியில வைக்காதீங்க, நான் வெச்சு ஒரு பாட்டில் விரிஞ்சு போச்சு.

விலைதான் கதை. நான் முதல்ல வாங்கினப்போ ஒரு கிலோ 34 ஸ்லோட்டி. அதே சமயம் சந்தையில போலந்து தேனீக்காரர்கிட்ட கிலோ 55 ஸ்லோட்டி. ஒரு ஸ்லோட்டி இப்போ நம்ம காசுக்கு 24 ரூபா பக்கம், அப்போ கொஞ்சம் கம்மி. இவ்ளோ வித்தியாசம் எப்படின்னு பானிகிட்ட கேட்டேன், "போர் வந்ததுக்கு அப்புறம் வரிய எடுத்துட்டாங்க, அது ஒண்ணு. எங்க ஊர்ல தேன் எப்பவுமே விலை கம்மிதான், அது ரெண்டாவது"ன்னாங்க. அந்த முதல் பாதிய கேட்டுட்டு வந்து நான் தேட ஆரம்பிச்சது, இப்போ கடையில எந்தப் பொருளை எடுத்தாலும் லேபிளைத் திருப்பிப் பாக்குற வியாதி வந்துடுச்சு.

நடந்தது இதுதான். 2016 ஜனவரியிலேர்ந்தே உக்ரைனுக்கும் ஐரோப்பிய யூனியனுக்கும் ஒரு வர்த்தக ஒப்பந்தம் ஓடிட்டு இருக்கு. நிறைய பொருளுக்கு அப்பவே வரி போயிடுச்சு, ஆனா விவசாயப் பொருள் சிலதுக்கு மட்டும் கோட்டா வெச்சிருந்தாங்க, வருஷத்துக்கு இத்தனை டன் வரைக்கும் வரி இல்லாம வரலாம், அதுக்கு மேல வந்தா முழு வரி கட்டணும். தேனுக்கு அந்தக் கோட்டா படிப்படியா ஏறி 6,000 டன்ல நின்னுச்சு. கேக்க பெருசா இருக்கும், ஆனா உக்ரைன் ஐரோப்பாவுக்கு தேன் விக்கிறதுல சீனா கூட போட்டி போடுற நாடு, ஜனவரி பொறந்த கொஞ்ச நாள்லயே கோட்டா காலியாயிடும், மிச்ச வருஷம் பூரா 17.3 சதவீதம் வரி கட்டித்தான் வரும். ரேஷன் கடையில மண்ணெண்ணெய் வந்த அன்னைக்கே தீர்ந்து போற மாதிரின்னு வெச்சுக்கோங்க.

2022 பிப்ரவரி 24ல போர் ஆரம்பிச்சுது. கருங்கடல் துறைமுகம் எல்லாம் அடைபட்டுப் போச்சு, உக்ரைனோட சரக்கு பெரும்பாலும் போற வழியே அதுதான். ஏப்ரல் கடைசியில ஐரோப்பிய கமிஷன் எல்லா வரியையும் ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைக்கலாம்னு சொல்லுச்சு, மே மாசம் பார்லிமென்ட்டும் கவுன்சிலும் ஓகே பண்ணாங்க, ஜூன் 4லேர்ந்து அமல். கோட்டா போச்சு, பழம் காய்கறிக்கு இருந்த குறைஞ்சபட்ச விலை வரி போச்சு, ஸ்டீலுக்கு போட்டிருந்த கட்டுப்பாடும் போச்சு. பிரிட்டன் ஏப்ரல்லயே எல்லாப் பொருளுக்கும் வரி ஜீரோன்னு அறிவிச்சுடுச்சு, அமெரிக்கா ஸ்டீல் மேல இருந்த 25 சதவீத வரிய தள்ளி வெச்சுது, கனடாவும் ஒரு வருஷம் எடுத்துச்சு. காசா குடுக்காம கதவைத் தொறந்து விட்டு உதவுறது, கேக்க நல்லாத்தான் இருக்கு.

இந்தக் கடையில நின்னு பாத்தா ஒரு விஷயம் தெரியும். அந்தக் கதவு தொறந்ததால நம்ம கைக்கு விலை குறைஞ்சு வந்த பொருள் ரொம்ப கம்மி. ரோஷென் மிட்டாய், சூரியகாந்தி எண்ணெய், பிஸ்கட், மினரல் வாட்டர், இதுக்கெல்லாம் போருக்கு முன்னாடியே வரி இல்ல, இல்லாட்டி இருந்தும் இல்லாத மாதிரிதான். வரி நின்னதுல நெஜமா மாறுனது தேன், சர்க்கரை, கோழி, முட்டை, ஓட்ஸ், உடைச்ச தானியம், ஆப்பிள் ஜூஸ், தக்காளி பேஸ்ட் இந்த வகைதான், பூண்டுக்குக் கூட 500 டன்னுன்னு ஒரு கோட்டா இருந்திருக்குன்னா பாத்துக்கோங்க. அதுலயும் பெரும்பங்கு டேங்கர்லயும் மூட்டையிலயும் ஃபேக்டரிக்குப் போற சரக்கு. சூப்பர் மார்க்கெட் தேன் பாட்டில எடுத்து பின்னாடி பாருங்க, ஐரோப்பிய யூனியனும் வெளிநாடும் கலந்த தேன்னு ஒரு வரி இருக்கும். அந்த வெளிநாட்டுக்குள்ளதான் உக்ரைன் ஒளிஞ்சிட்டு இருக்கும், கூடவே சீனாவும் இருக்கலாம். அதுக்கு இப்போ சட்டம் மாத்திட்டாங்க, 2026 ஜூன்லேர்ந்து எந்த நாடு எத்தனை சதவீதம்னு எழுதியே ஆகணும். பானி கடையில அந்தப் பிரச்சனையே இல்ல, பாட்டில்ல உக்ரைன்னு தெளிவா போட்டிருக்கும், எந்த மாகாணத்துப் பூன்னு கூட சிலதுல இருக்கும்.

பால் சாமான் பத்தி ஒண்ணு. ரியாஷென்கான்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க, பாலை அடுப்புல மெதுவா சுண்ட வெச்சு பழுப்பு நிறம் ஆனதும் உறை குத்துறது. பால்கோவா தயிரா மாறுனா எப்படி இருக்குமோ அப்படி. சூப்பர் ஐட்டம், சும்மா அப்படியே குடிக்கலாம். ஆனா லேபிளைத் திருப்புனா போலந்துல செஞ்சதுன்னு இருக்கு. ஏன்னா வரிய எடுத்தாங்களே தவிர சுகாதார விதிய எடுக்கல. பால், இறைச்சி மாதிரி சாமானெல்லாம் ஐரோப்பா ஒத்துக்கிட்ட ஃபேக்டரியிலேர்ந்துதான் வரணும், பஸ்ல வர்ற பயணி பையில ஒரு துண்டு சலோ கூட கொண்டு வர முடியாது, பார்டர்ல பிடுங்கி குப்பையில போட்டுருவாங்க. சலோன்னா பன்னிக்கொழுப்பு உப்புக்கண்டம், நான் சாப்பிடல, அதனால ரேட்டிங் கிடையாது. பானியோட அம்மா செஞ்சு குடுத்தனுப்பின சலோ மெடிக்கா பார்டர்ல குப்பைக்கு போனதை அவங்க ரெண்டு தடவை சொல்லியிருக்காங்க, ரெண்டு தடவையும் அதே கோவம்.

மெடிக்கான்னதும் நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வரும். 2022 பிப்ரவரி மார்ச்ல மெடிசின் படிச்ச நம்ம பசங்க எத்தனை பேரு லிவிவ் பக்கம் குளிர்ல நடந்து உக்ரைன் பக்கத்து ஷெஹினி செக்போஸ்ட் தாண்டி மெடிக்கா வந்து ஷெஷூஃப் ஏர்போர்ட்ல ஃப்ளைட் பிடிச்சாங்க. அதே ரோடு, அதே கேட் வழியாத்தான் இந்தக் கடைக்கு வர்ற மிட்டாய் லாரியும் வருது. அப்புறம் போலந்து விவசாயிங்க அதே கேட்ட மறிச்சும் உக்காந்தாங்க.

கடையோட பெரிய குறை இங்கதான் ஆரம்பிக்குது. சரக்கு நிலையா இருக்காது. இன்னைக்கு இருக்கற ஐட்டம் அடுத்த மாசம் இருக்கும்னு சொல்ல முடியாது. முதல்ல நான் பானி மேல தப்புன்னுதான் நினைச்சேன். 2023 ஏப்ரல் பாதியில ஒரு நாள் போறேன், தேன் தட்டு காலி. "தடை போட்டுட்டாங்க"ன்னாங்க. கோதுமைக்கு தடைன்னு நியூஸ்ல பாத்தேனே, தேனுக்குமான்னு கேட்டா ஆமாங்கறாங்க. வீட்டுக்கு வந்து பாத்தா நெஜம்தான், ஏப்ரல் 15ல போலந்து திடீர்னு போட்ட தடை லிஸ்ட்ல தானியம், சர்க்கரை, பழம், காய், கறி, முட்டை, பால், தேன்னு பாதி மளிகைக் கடையே இருக்கு, நாட்டு வழியா தாண்டிப் போறதுக்குக் கூட முதல் சில நாள் தடை. வரி ஜீரோ, ஆனா கேட் பூட்டு. மே ஆரம்பத்துல ஐரோப்பிய கமிஷன் தலையிட்டு கோதுமை, மக்காச்சோளம், ரேப்சீட், சூரியகாந்தி விதை நாலுக்கு மட்டும் கட்டுப்பாடுன்னு பேசி முடிச்சு மிச்சத்தை விட்டாங்க. தேன் திரும்பி வந்துச்சு.

இதுல போலந்து விவசாயிங்கள மட்டும் திட்ட எனக்கு மனசு வரல. என் டீம்ல ஒருத்தன், மாமனார் ஊரு ஸமோஷ்ச் பக்கம், உக்ரைன் பார்டர்லேர்ந்து ரொம்ப தூரம் இல்ல, கோதுமை போடுறவரு. 2022 கோடையில கோதுமை விலை உச்சத்துல இருந்துச்சு. விவசாய மந்திரி கொவால்சிக் அவசரப்பட்டு விக்காதீங்க, விலை இறங்காதுங்கற மாதிரி பேசினாரு. இவரும் நம்பி களத்துலயே வெச்சிருந்தாரு. இந்தப் பக்கம் உக்ரைன் தானியம் போலந்து வழியா துறைமுகத்துக்குப் போயி கப்பல் ஏறணும்ங்கறது திட்டம். ஆனா உக்ரைன் ரயில் தண்டவாளம் 1520 மில்லிமீட்டர் அகலம், போலந்துல 1435, அதாவது பார்டர்ல ஒவ்வொரு வேகனையும் இறக்கி மாத்தி ஏத்தணும், துறைமுகத்துலயும் அவ்ளோ சரக்கு வாங்க இடம் இல்ல. நடுவுல இருக்கற வியாபாரி என்ன பண்ணுவான், பார்டர் தாண்டினதும் கிடைச்ச விலைக்கு அங்கயே வித்தான். சாப்பாட்டுக்கு இல்லாத டெக்னிக்கல் தானியம்னு பேப்பர்ல எழுதி கொண்டு வந்தது மாவு மில்லுக்கு போச்சுன்னு ஒரு ஊழல் வேற வெடிச்சுது. மாமனார் கோதுமையை வெளிய எடுத்தப்போ விலை பாதிக்கு வந்துடுச்சுன்னு இவன் சொல்றான். அந்த மந்திரி 2023 ஏப்ரல் 5ல ராஜினாமா பண்ணாரு, அன்னைக்குத்தான் ஸெலென்ஸ்கி வார்சாவுக்கு வந்திருந்தாரு. இங்க குறை அந்த மாமனார் மேலயும் இல்ல, பானி மேலயும் இல்ல. உதவின்னு முடிவு பண்ணது பிரஸ்ஸல்ஸ்ல உக்காந்திருக்கற ஐரோப்பிய யூனியன், நஷ்டம் வந்து உக்காந்தது ஸமோஷ்ச்ல ஒரு களத்துல. நம்ம ஊர்ல வெங்காயம் விலை ஏறினா இறக்குமதி பண்ணுவாங்க, அறுவடை நேரத்துல வந்து எறங்கும், தெரிஞ்ச கதைதான்.

இதைச் சொல்லும்போதுதான் ஞாபகம் வருது, ஐரோப்பா வரிய எடுத்த அதே 2022 மே மாசம் நம்ம இந்தியாவும் சூரியகாந்தி எண்ணெய்க்கு வரிய எடுத்துச்சு. கச்சா சோயா எண்ணெய் 20 லட்சம் டன், கச்சா சூரியகாந்தி எண்ணெய் 20 லட்சம் டன், வருஷத்துக்கு, ரெண்டு வருஷம் வரி இல்லாம. ஆனா அது உக்ரைனுக்கு உதவ இல்ல, நமக்கு வர்ற சூரியகாந்தி எண்ணெயில பெரும்பங்கு உக்ரைன்லேர்ந்து வந்துட்டு இருந்துச்சு, அது நின்னதும் ஊர்ல எண்ணெய் விலை எகிறிடுச்சு, எங்கம்மா பூரி போடுறதையே நிறுத்திட்டாங்க, அதுக்காக எடுத்தது. ஒரே மாசம், ஒரே வேலை, காரணம் மட்டும் வேற.

எண்ணெய்னதும் என் சொந்த சோகக் கதை. கடையில ரெண்டு வகை சூரியகாந்தி எண்ணெய் இருக்கு. ஒண்ணு நம்ம ஊர் பாக்கெட் எண்ணெய் மாதிரி வாசனை இல்லாதது. இன்னொண்ணு ரீஃபைன் பண்ணாதது, செக்கு எண்ணெய் மாதிரி, மூடியைத் தொறந்தா வறுத்த விதை வாசனை வீடு பூரா வரும். நான் இந்த ரெண்டாவத வாங்கிட்டு வந்து பொங்கலுக்கு வடை சுட்டேன். எண்ணெய் காய்ஞ்சதும் நுரை பொங்குது, புகை கிளம்புது, ஸ்மோக் அலாரம் கத்துது, ஜன்னல் பூரா தொறந்து மைனஸ் எட்டு டிகிரியில நானும் வீட்டுக்காரம்மாவும் ஸ்வெட்டர் போட்டுட்டு வடை தின்னோம், அதுவும் கசப்பு. அடுத்த நாள் பானிகிட்ட சொன்னதுக்கு அவங்க கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிச்சாங்க. அது பொரிக்கிறதுக்கு இல்லையாம், மேல ஊத்திக்கிறதுக்காம். அதுக்கு அப்புறம் இட்லிப் பொடியில நல்லெண்ணெய்க்கு பதிலா குழைச்சுப் பாத்தேன். நல்லெண்ணெய் இல்லாத அன்னைக்கு தாராளமா ஓடும். லிட்டர் 14 ஸ்லோட்டி. சாலட்டுக்கும் சூப்பர்.

ஹ்ரேச்காவையும் விட்டுறாதீங்க. வறுத்த பக்வீட் மணி, கிலோ விலை ரொம்ப கம்மி, கடுகு உளுந்து தாளிச்சு வெங்காயம் போட்டு உப்புமா கிண்டுனா கோதுமை ரவைக்கு அண்ணன் மாதிரி இருக்கும். தண்ணி ஒண்ணுக்கு ரெண்டு. கிளறிட்டே இருந்தா களியாயிடும், மூடி வெச்சு விட்ருங்க.

ஹல்வான்னு ஒண்ணு விக்கிறாங்க, பேரு பாத்து திருநெல்வேலியை நினைச்சா ஏமாந்துருவீங்க, இது சூரியகாந்தி விதையை அரைச்சு சர்க்கரையோட அழுத்தின கட்டி, வாயில போட்டா எள்ளுருண்டை உதிர்ற மாதிரி உதிரும், டீ கூட சேத்து சாப்பிட்டா கையை எடுக்க முடியாது. ஆஜிகான்னு மிளகாய் பூண்டு சட்னி ஒரு பாட்டில் இருக்கு, காரம்னு எழுதியிருக்கும், நம்பாதீங்க.

இப்போ கொழுக்கட்டை. வரெனிக்கி. மாவுக்குள்ள உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, செர்ரி எல்லாம் வெச்சு அரைநிலா மாதிரி மடிச்சு வேக வைக்கிறது, நல்லா செஞ்சா அருமையான சாப்பாடு, நான் இங்க சக ஊழியர் வீட்டுல சாப்பிட்டிருக்கேன். இந்தக் கடையில ஃப்ரோசன் பாக்கெட்ல விக்கிறது மட்டும் வேணாம். மூணு தடவை வாங்கி மூணு தடவையும் உள்ள ஒரே கட்டியா ஒட்டிப் போயி, தண்ணியில போட்டதும் பிரிஞ்சு, கடைசியில உருளைக்கிழங்கு கஞ்சிதான் குடிச்சேன். ஃப்ரீசரை ராத்திரி ஆஃப் பண்ணி காலையில போடுறாங்களோன்னு எனக்கு டவுட், கரன்ட் பில்லு அப்படி. நேராவே கேட்டேன், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. பாக்கெட் உள்ள பனிக்கட்டி படிஞ்சிருந்தா எடுக்காதீங்க. அந்த செக்ஷனுக்கு ஒரு ஸ்டார், அதுவும் இரக்கப்பட்டு.

கோழி பத்தி கேப்பீங்க. கடையில இருக்கற ஃப்ரோசன் கோழி போலந்துக் கோழி. ஐரோப்பிய யூனியன்ல அதிகமா கோழி வளக்குறதே போலந்துதான், அவங்ககிட்ட கொண்டு வந்து உக்ரைன் கோழி விக்கிறது மதுரையில மல்லி இறக்குமதி பண்ற கதை. ஆனா கோழிக் கோட்டாவுல ஒரு பழைய கூத்து இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. நெஞ்சுக்கறிக்கு கோட்டா உண்டுன்னதும், உக்ரைன் கம்பெனி நெஞ்சுக்கறியோட ரெக்கை எலும்புத் துண்டு ஒண்ணை விட்டு வெட்டி அனுப்ப ஆரம்பிச்சுது. எலும்பு ஒட்டிட்டு இருந்தா அது லிஸ்ட்ல வேற வகை, கோட்டா கிடையாது, வரியும் கிடையாது. ஐரோப்பாவுல இறக்கி எலும்பை எடுத்துட்டா சாதா நெஞ்சுக்கறி. 2019ல உக்காந்து பேசி, ஓட்டையை அடைச்சு, அதுக்கு பதிலா கோட்டாவுல 50,000 டன் ஏத்திக் குடுத்தாங்க. ஒரு எலும்புத் துண்டுக்கு இவ்ளோ பேச்சுவார்த்தை.

சரக்கு இல்லாத கதைக்கு திரும்ப வர்றேன், ஏன்னா ரெண்டாவது தடவை ரொம்ப மோசம். 2023 நவம்பர் 6லேர்ந்து போலந்து லாரிக்காரங்க டொரோஹுஸ்க், ஹ்ரெபென்னே, கொர்ச்சோவா பார்டரை எல்லாம் மறிச்சாங்க. இதுவும் அந்தக் கதவைத் தொறந்து விட்டதோட வாலுதான். 2022 ஜூன்ல வரி மட்டும் எடுக்கல, உக்ரைன் லாரி ஐரோப்பாவுக்குள்ள வர பெர்மிட் வேணும்ங்கறதையும் எடுத்தாங்க. கம்மி வாடகைக்கு உக்ரைன் லாரி ஓடுனதுல எங்க பொழைப்பு போச்சுன்னு இவங்க சண்டை. ஜனவரி வரைக்கும் இழுத்துச்சு. அதுக்கப்புறம் 2024 பிப்ரவரியில விவசாயிங்க, தானிய லாரியைத் தொறந்து ரோட்டுல கொட்டுன வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க. அந்த ஆறு மாசம் கடை பாவமா இருந்துச்சு. மிட்டாய் பெட்டியில பாதி காலி, ஹ்ரேச்கா இல்ல, பானி தட்டை நிரப்ப போலந்து ஊறுகாயை வாங்கி வரிசையா அடுக்கி வெச்சிருந்தாங்க, ஒரே ஊறுகாய் நாப்பது பாட்டில். வரி ஜீரோவா இருந்த காலத்துலதான் கடையில சரக்கே இல்லாம இருந்துச்சு. டேட் முடியப்போற பிஸ்கட்டை முழு விலைக்கு வித்ததும் அப்போதான், அது தப்பு, நான் வீட்டுக்கு வந்து பாத்துதான் தெரிஞ்சுது, திருப்பிக் குடுத்ததும் வாதாடாம காசு குடுத்துட்டாங்க.

உப்பு ஒண்ணு சொல்லணும். பானி கல்லாப்பெட்டிக்கு மேல ஒரு உப்பு பாக்கெட் வெச்சிருக்காங்க, விக்க மாட்டாங்க. ஆர்ட்டெம்சில், சொலெடார் சுரங்கத்து உப்பு. உக்ரைன்ல எல்லா வீட்டுலயும் இருந்த உப்பு. 2022ல உற்பத்தி நின்னுச்சு, 2023 ஜனவரியில சொலெடார் ரஷ்யா கைக்கு போச்சு. மிச்சமிருந்த ஒரு லட்சம் பாக்கெட்டை ஸ்பெஷல் கவர்ல போட்டு ட்ரோன் வாங்க நன்கொடைக்கு வித்தாங்க, அதுல ஒண்ணுதான் இது. உப்புக்கு வரியை எவ்ளோ எடுத்தாலும் என்ன, சுரங்கமே இல்லையே. இப்போ உக்ரைன் வெளிநாட்டுலேர்ந்து உப்பு வாங்குது, போலந்து உப்பும் போகுது. தக்காளி சாஸும் அப்படித்தான், சுமாக்னு ஒரு பிரபலமான கெட்சப், ஃபேக்டரி கக்கோவ்கா ஊர்ல, போர் ஆரம்பிச்ச கையோட ரஷ்யா பிடிச்சுடுச்சு. "அந்த பாட்டில் பாத்தா எடுத்து வைங்க"ன்னு பானிகிட்ட ஒரு வயசானவரு கேட்டுட்டு போனதை நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.

தேன் விலை இப்போ என்னன்னு கேட்டா, ஏறிடுச்சு. வரி நிறுத்தத்தை 2023லயும் 2024லயும் ஒவ்வொரு வருஷம் நீட்டினாங்க, ஆனா 2024ல நீட்டும்போது அவசர பிரேக்னு ஒண்ணு சேத்தாங்க. கோழி, முட்டை, சர்க்கரை, ஓட்ஸ், உடைச்ச தானியம், மக்காச்சோளம், தேன், இந்த ஏழுல எது முந்தின வருஷங்கள்ல வந்த சராசரி அளவைத் தாண்டுதோ அதுக்கு கோட்டா திரும்ப வந்துடும். ஓட்ஸ் ஜூன்லயே தாண்டுச்சு, சர்க்கரையும் முட்டையும் ஜூலை, தேன் ஆகஸ்ட். தேனுக்கு அந்த சராசரி சுமார் 44 ஆயிரம் டன். பழைய கோட்டா வெறும் 6,000, அது எப்பவோ நிறைஞ்சது, அதனால நேரா 17.3 சதவீதம். 2025 ஜூன் 5ஓட மொத்த சலுகையும் முடிஞ்சுது, நடுவுல பழைய கோட்டாவையே மாசக்கணக்குல பிரிச்சு ஓட்டிட்டு, அக்டோபர் 29லேர்ந்து புது ஒப்பந்தம். தேன் 35,000 டன், சர்க்கரை ஒரு லட்சம் டன், கோழி 1,20,000 டன். பழைய கோட்டாவோட பாத்தா பெருசு, கதவு முழுசா தொறந்திருந்தப்போ வந்ததோட பாத்தா கம்மி. பானி கடையில அது இப்படி வந்து நிக்குது: 34 ஸ்லோட்டி தேன் இப்போ 43. மொத்த வியாபாரி வருஷ ஆரம்பத்துல வாங்கினாத்தான் பழைய விலை மாதிரி தருவாராம். சந்தைத் தேனோட பாத்தா இன்னும் சீப்தான், நான் வாங்கிட்டுத்தான் இருக்கேன்.

மத்தபடி, கார்டு எடுப்பாங்க, ஆனா பத்து ஸ்லோட்டிக்கு கீழன்னா முகம் சுருங்கும். போலந்துல ஞாயித்துக்கிழமை பெரும்பாலும் கடை தொறக்க விட மாட்டாங்க, ஓனரே நின்னு வித்தா மட்டும் தொறக்கலாம், இங்க ஓனர் பானிதான், அதனால ஞாயிறு மதியம் ரெண்டு மணி வரைக்கும் இருக்கும். குழந்தை கூட்டிட்டுப் போனா ஒரு கைப்பிடி மிட்டாய் கட்டாயம், வேணாம்னு சொன்னா கோவிச்சுக்குவாங்க. தேனுக்கு அஞ்சு, எண்ணெய் ஹல்வாவுக்கு நாலரை, ரியாஷென்காவுக்கு அஞ்சு, ஃப்ரீசருக்கு ஒண்ணு, சரக்கு நிலையா இருக்கறதுக்கு ரெண்டு, அதுல பானி தப்பு எவ்ளோன்னு நீங்களே பாத்துக்கோங்க. மொத்தத்துல நாலு ஸ்டார் போட்டிருக்கேன்.

புது லோடு அடுத்த வாரம் வருதாம், ஹ்ரேச்கா தேன் ரெண்டு பாட்டில் எனக்குன்னு எடுத்து வைக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன். கல்லாப்பெட்டிக்கு மேல, அந்த உப்பு பாக்கெட் பக்கத்துல இருக்கும். அதை எடுத்துறாதீங்க ப்ளீஸ்.